கூடுதலாகப் பணம் போட்டு மீதியைக் கேட்கும் மோசடி: மலையகப் புகைப்படக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் என் கணக்கிலிருந்து 180,000 ரூபா போனது. யாரும் திருடவில்லை. நானே என் போனில் அழுத்தி அனுப்பினேன். புது லென்ஸ் வாங்க ஒன்றரை வருடமாகச் சேர்த்த காசு அது.

லண்டனில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் வட்ஸ்அப்பில் வந்தார். கல்யாண பிரீ ஷூட், ஒரு நாள் எல்லயில், ஒரு நாள் நுவரெலியாவில். 120,000 ரூபா சொன்னேன், பேரம் பேசாமல் சம்மதித்தார். கொழும்பில் இருக்கும் அண்ணன் காசோலை போடுவார் என்றார். வெள்ளி மதியம் இரண்டே முக்காலுக்கு என் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்: காசோலை வைப்பு 300,000 ரூபா. பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. "தம்பி, மண்டப அலங்காரக்காரரின் காசையும் சேர்த்துப் போட்டுவிட்டோம். இன்றைக்கு அவருக்கு அட்வான்ஸ் போகாவிட்டால் தேதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். 180,000ஐ இந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள், மீதி உங்களுக்கு." அனுப்பினேன். திங்கள் போயா விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை வங்கியில் இருந்து பேசினார்கள்: மூடப்பட்ட கணக்கின் காசோலை, திரும்பிவிட்டது. அந்த வட்ஸ்அப் எண் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அந்த இரண்டு நாளுக்காகக் கொட்டகலையில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அந்தக் குடும்பத்திடம் திரும்பிப் போய்க் கேட்கவும் முடியவில்லை. ஸ்டூடியோ இல்லாமல், போன் எண்ணையும் முகநூல் பக்கத்தையும் வைத்துத் தொழில் செய்யும் தம்பி தங்கைகள் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது நடக்கக்கூடாது. நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதல் செய்தியை நிதானமாகப் படியுங்கள்

உண்மையான வாடிக்கையாளர் வேலையைப் பற்றிக் கேட்பார். மழை வந்தால் என்ன செய்வது, ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ரயில் எத்தனை மணிக்கு வரும், ட்ரோன் இருக்கிறதா, அல்பம் எத்தனை பக்கம், சேலையோடு லிப்டன் சீட் வரை ஏற முடியுமா என்றெல்லாம் கேள்வி வரும். விலையைக் குறைக்கச் சொல்வார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார்.

மோசடிக்காரர் காசைப் பற்றியே பேசுவார். என்னிடம் வந்தவர் ஒரு தடவைகூட என் படங்களைப் பற்றிப் பேசவில்லை. நுவரெலியாவில் ஹோட்டல் என்றார், ஹோட்டலின் பெயர் கடைசி வரை வரவில்லை. மணமகளின் பெயரைக் கேட்டபோது பேச்சை மாற்றினார். "மொத்தம் எவ்வளவு, எந்த வங்கி, கணக்கு எண் என்ன" என்பதில் மட்டும் அவசரம் இருந்தது.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், காது கேட்காது, கப்பலில் வேலை என்று ஏதாவது சொல்லி வீடியோ அழைப்பைத் தவிர்ப்பார்கள். முற்பணம் மட்டும் போதும் என்று நீங்கள் சொன்னாலும் முழுத் தொகையையும் உடனே தருவார்கள். நீங்கள் பார்த்திராத மூன்றாவது ஆள் ஒருவர் கதைக்குள் வருவார்: அலங்காரக்காரர், வேன்காரர், சமையல்காரர், ஏற்பாட்டாளர். அந்த மூன்றாவது ஆளுக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். மற்ற அடையாளங்கள் எல்லாம் தவறிப்போனாலும் இந்த ஒன்று தவறாது.

நான் இப்போது செய்வது இதுதான். தேதியை எழுதிக்கொள்வதற்கு முன் ஐந்து நிமிடம் வீடியோ அழைப்பு. வெளிநாட்டில் இருப்பவர் என்றால் இங்கே இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் எண்ணும், மண்டபம் அல்லது ஹோட்டல் பெயரும் வாங்குகிறேன். அந்த ஹோட்டலுக்கு நானே போன் போட்டு, அந்தத் தேதியில் அந்தப் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேட்கிறேன். அவர் தரும் எண்ணுக்குப் பேசாதீர்கள், ஹோட்டலின் எண்ணை நீங்களே தேடி எடுங்கள்.

2. எழுத்தில் கொடுங்கள்

தெரிந்தவர்கள் என்று வாய்ப்பேச்சில் முடிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அதை விடுங்கள். ஒரு பக்கத்தில் விலைமதிப்பு எழுதி பீடிஎஃப் ஆக அனுப்புங்கள். வாடிக்கையாளரின் முழுப்பெயர், முகவரி, தேதி, இடம், மொத்தக் கட்டணம், முற்பணம், மீதி எப்போது, ரத்து செய்தால் என்ன ஆகும் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். கூடவே இந்த மூன்று வரிகளையும் சேருங்கள்:

"பில்லில் உள்ள தொகையை மட்டுமே ஏற்றுக்கொள்வேன். வேறு எவருக்கும் கொடுக்க வேண்டிய பணத்தை என் கணக்கு வழியாக வாங்கமாட்டேன், அனுப்பவும் மாட்டேன். பணம் வங்கியில் உறுதியான பிறகே தேதி உறுதியாகும்."

இதை அனுப்பியதும் போலி ஆட்கள் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். நல்ல வாடிக்கையாளர் யாரும் இதற்காகக் கோபித்துக்கொண்டு போனதில்லை.

இந்தக் காகிதம் வேறு விதத்திலும் உதவும். வெளிநாட்டிலிருந்து வங்கிக்குப் பணம் வந்தால் எதற்காக வந்தது என்று வங்கி கேட்கலாம். அப்போது காட்ட வேண்டியது இதைத்தான். பிறகு பொலிஸுக்குப் போக நேர்ந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். என்னிடம் இருக்கவில்லை. வட்ஸ்அப் பேச்சை மட்டும் காட்டினேன்.

3. முற்பணத்தை எந்த வழியில் வாங்குவது

மூன்றில் ஒரு பங்கு முற்பணம், வேலை நாளன்று காலையில் இன்னொரு பங்கு, படம் கொடுக்கும்போது மீதி. என் கணக்கு இப்போது இப்படித்தான். 120,000 ரூபா வேலை என்றால் முதலில் 40,000 மட்டும். அதற்கு மேல் ஒரு ரூபா வந்தாலும் நின்று யோசிக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

உள்ளூர் ஆட்களிடம் வங்கி ஆப் வழியாக உடனடி மாற்றம், அதாவது செஃப்ட்ஸ், வாங்குவது நல்லது. சில நொடிகளில் உங்கள் கணக்குக்கு வந்துவிடும், கட்டணமும் மிகச் சிறியது. வெளிநாட்டில் இருப்பவர் என்றால் அவருடைய சொந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து நேராக உங்கள் வங்கிக்கு வரட்டும். சில வேலை நாட்கள் ஆகும், இடையில் வங்கிகள் கட்டணமும் பிடிக்கும். அதை யார் ஏற்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஆளின் காசோலையை முற்பணமாக நான் இப்போது வாங்குவதே இல்லை.

பணம் வாங்குவதற்கு உங்கள் கணக்கு எண், பெயர், வங்கி, கிளை இவை போதும். ஓடிபி எண், கார்டின் பின்பக்க எண், ஆப் கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. "காசு உங்களுக்கு வர ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று கேட்பவர் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கத்தான் கேட்கிறார்.

4. "காசு வந்துவிட்டது" என்பதை எப்போது நம்பலாம்

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அன்றைக்கு ஆப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு எண்கள் இருந்தன. மேலே பெரிய எழுத்தில் கணக்கு மீதி 490,000. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் எடுக்கக்கூடிய மீதி 190,000. மேலே இருந்ததை மட்டும் பார்த்தேன். 190,000 என்பது முழுக்க என் சொந்தச் சேமிப்பு. காசோலையின் 300,000 வரவுப் பட்டியலில் ஏறியிருந்தது, ஆனால் வங்கி அதை இன்னும் எனக்குக் கொடுக்கவில்லை. நான் அனுப்பிய 180,000 அவர்கள் போட்ட காசிலிருந்து போகவில்லை, என் லென்ஸ் காசிலிருந்துதான் போனது. செவ்வாய்க்கிழமை காசோலை திரும்பியதும் இரண்டு எண்களும் ஒன்றாகிவிட்டன: 10,000.

ஆகவே எப்போதும் கீழே இருக்கும் எண்ணைப் பாருங்கள். எடுக்கக்கூடிய மீதி கூடவில்லை என்றால் பணம் வரவில்லை.

உள்ளூர்க் காசோலை: நம் நாட்டில் ரூபாக் காசோலை வேறு வங்கியுடையதாக இருந்தால் பொதுவாக அடுத்த வேலை நாளில்தான் பாஸாகும். சனி, ஞாயிறு, போயா கணக்கில் வராது. வெள்ளி பிற்பகல் நேரம் கடந்து போட்டால் இன்னும் ஒரு நாள் தள்ளும். நீண்ட விடுமுறைக்கு முந்திய மதியத்தை அவர்கள் தேடிப் பிடிப்பது இதற்காகத்தான். "காசோலை பாஸாகிவிட்டதா" என்று கிளையில் நேரே கேட்டு, ஆம் என்ற பிறகே நம்புங்கள்.

வெளிநாட்டுக் காசோலை: இது வசூலுக்காக வெளியே போய்வர வாரக்கணக்கில் ஆகும். ஒருமுறை வரவு வைத்த பிறகும் திரும்பலாம். வாங்காதீர்கள்.

ஸ்லிப் படம், ஸ்கிரீன்ஷாட்: இதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. நாம் போட்டோ எடுத்துத் திருத்தும் ஆட்கள், ஒரு ஸ்லிப்பில் எண்ணை மாற்ற எத்தனை நிமிடம் ஆகும் என்று நமக்கே தெரியும். பணம் அனுப்பியதற்கு வெளிநாட்டு வங்கி கொடுத்த சுவிஃப்ட் தாள் என்று அனுப்புவதும் அப்படித்தான். உங்கள் ஆப்பில் வந்ததா என்று மட்டும் பாருங்கள். எஸ்எம்எஸ் வந்தால் அது வங்கியின் வழக்கமான பெயரில் வந்ததா, சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்ததா என்றும் பாருங்கள்.

கார்டு: பணம் செலுத்தும் இணைப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திருட்டுக் கார்டில் பணம் கட்டியிருந்தால் உண்மையான சொந்தக்காரர் தன் வங்கியில் மறுப்புச் சொல்லலாம். அதற்கான கால எல்லை பொதுவாக 120 நாட்கள் வரை. நான்கு மாதம் கழித்துக்கூட அந்தத் தொகை உங்களிடமிருந்து திரும்பப் பிடிக்கப்படலாம். கார்டில் வந்த பணத்தைத் திருப்ப வேண்டுமென்றால் அதே கார்டுக்கு, அதே நிறுவனத்தின் வழியாக மட்டும் திருப்புங்கள். "கார்டுக்கு வேண்டாம், இந்தக் கணக்குக்குப் போடுங்கள்" என்றால் மோசடிதான்.

பேபால்: நம் நாட்டில் பேபாலில் அனுப்ப முடிந்தாலும் வாங்கும் வசதி நீண்டகாலமாக இருக்கவில்லை. "பேபாலில் போட்டுவிட்டேன், கூடுதலாகப் போனதைத் திருப்பினால்தான் உங்களுக்கு விடுவிப்பார்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் திறந்து பார்க்கவே வேண்டாம்.

5. கூடுதலாக வந்துவிட்டால்

முதலில் எதையும் அனுப்பாதீர்கள். இன்றைக்கு அனுப்பாவிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று அவர்கள் சொல்வார்கள். அழுவார்கள், பிறகு திட்டுவார்கள், பொலிஸுக்குப் போவேன் என்பார்கள். போகட்டும்.

பிறகு இந்தச் செய்தியை அனுப்புங்கள், வார்த்தைக்கு வார்த்தை:

"வணக்கம். நீங்கள் போட்ட தொகை பில்லில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கிறது. கூடுதல் தொகையை என்னால் யாருக்கும் அனுப்ப முடியாது. உங்கள் வங்கியில் எழுதிக் கொடுத்து அங்கிருந்தே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். என் வங்கிக்கும் அறிவித்துவிட்டேன்."

அடுத்து உங்கள் கிளைக்குப் போய் ஒரு கடிதம் கொடுங்கள். தேதி, தொகை, யாரிடமிருந்து, எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு உங்களுடையது இல்லை என்று எழுதி, பிரதியில் முத்திரை வாங்குங்கள். ஒரு ரூபா செலவில்லை.

உண்மையிலேயே தவறிப் போட்டவரும் இருப்பார். இரண்டு மாதத்துக்கு முன் மஸ்கெலியாவிலிருந்து ஒரு அக்கா முற்பணம் 25,000ஐ ஆப் சிக்கியதால் இரண்டு தடவை போட்டுவிட்டார். மேலே உள்ள செய்தியைத்தான் அனுப்பினேன். "சரி தம்பி, நாளைக்கு டவுனுக்குப் போகும்போது பேங்கில் சொல்கிறேன்" என்றார். அவர் தன் வங்கியில் எழுதிக் கொடுத்தார், அது என் வங்கிக்கு வந்தது, நான் சம்மதக் கையெழுத்து வைத்தேன், ஒரு வாரத்துக்குள் காசு அவருக்குப் போய்விட்டது. நேர்மையான ஆளுக்கு ஒரு வாரம் காத்திருப்பது பெரிய கஷ்டமில்லை.

பணம் நிஜமாகவே வந்து, எடுக்கக்கூடிய மீதியிலும் இருந்தால்கூட அதே விதிதான். அது வேறு யாரிடமிருந்தோ ஏமாற்றி எடுத்த காசாக இருக்கலாம். அதை உங்கள் கணக்கு வழியாக மாற்றி அனுப்ப வைக்கிறார்கள். அனுப்பினால் பொலிஸ் கையில் இருக்கும் தடயம் உங்கள் பெயரில்தான் நிற்கும். கணக்கை முடக்குவார்கள், 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் வரை பேச்சுப் போகும். கமிஷன் தருகிறேன், உங்கள் கணக்கில் கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்று கேட்பவரிடமும் முடியாது என்றே சொல்லுங்கள்.

6. ஏற்கெனவே அனுப்பிவிட்டால்: முதல் ஒரு மணி நேரம்

வெட்கப்பட்டு உட்காராதீர்கள். நான் செவ்வாய்க்கிழமை முழுக்க யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், அந்த ஒரு நாளில் என்ன நடந்திருக்குமோ தெரியாது.

உடனே உங்கள் வங்கியின் 24 மணி நேர எண்ணுக்குப் பேசுங்கள். கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும். "மோசடியில் பணம் போய்விட்டது, பெறுபவரின் வங்கிக்கு அறிவித்து அந்தத் தொகையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லி, முறைப்பாட்டு எண்ணையும் பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பணம் போன வங்கிக்கும் நீங்களே நேராகப் பேசுங்கள். அவர்கள் கணக்கு விவரம் எதுவும் தரமாட்டார்கள், ஆனால் தகவலை எடுத்துக்கொள்வார்கள். ஈஸி கேஷ், எம் கேஷ் வழியாக அனுப்பியிருந்தால் அந்தத் தொலைபேசி நிறுவனத்தை அழையுங்கள். அங்கே காசு நிமிடங்களில் கையில் எடுக்கப்பட்டுவிடும், தாமதிக்க நேரமே இல்லை. வெஸ்டர்ன் யூனியன் போன்றவற்றில் அந்தப் பக்கம் எடுப்பதற்குள் சொன்னால் ரத்து செய்ய முடியும்.

அதன்பிறகு ஆப் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அந்த ஆளின் எண்ணைத் தடுக்கவோ வட்ஸ்அப் பேச்சை அழிக்கவோ வேண்டாம், அதுதான் உங்கள் சாட்சி.

7. முறைப்பாடு: காகிதங்கள், நாட்கள், செலவு

உங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் தொடங்கலாம். கையில் இவை இருக்கட்டும், எல்லாம் இரண்டு பிரதி: தேசிய அடையாள அட்டை, வங்கிக் கணக்கு அறிக்கை (அந்த மாதம் முழுவதும்), பணம் அனுப்பிய ரசீது, காசோலை திரும்பியதற்கு வங்கி தரும் தாள், விலைமதிப்பு, வட்ஸ்அப் பேச்சு முழுவதும் அச்சிட்டது. பேச்சை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் எடுக்காமல், ஆப்பிலேயே உள்ள ஏற்றுமதி வசதியில் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள், தேதியும் நேரமும் வரிசையாக வரும். எனக்கு அச்சிடவும் பிரதி எடுக்கவும் ஹட்டன் டவுனில் 1,400 ரூபா ஆனது.

நடந்ததை முன்கூட்டியே ஒரு பக்கத்தில் நேரப்படி எழுதிக்கொண்டு போங்கள். அங்கே பேசும்போது தொகைகள் குழம்பும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அந்த நேரத்தில் தமிழில் எழுத ஆள் இல்லை என்றால், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் வரிக்கு வரி கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். என்னுடையதில் 180,000க்குப் பதிலாக 300,000 இழந்ததாக எழுதியிருந்தது. நண்பர் வாசித்ததால் திருத்த முடிந்தது. பதிவேட்டின் பக்க எண்ணையும் பந்தி எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை போகும்போது அதைச் சொன்னால்தான் தேடி எடுப்பார்கள்.

இணையம், போன் வழி மோசடிகளைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் புலனாய்வுப் பிரிவு கையாளுகிறது. இதற்கென்று 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. ஊர் நிலையத்தில் போட்ட முறைப்பாட்டின் பிரதியோடு அங்கே எழுதலாம். நேரில் கொழும்புக்குப் போய்வர நமக்கு ஒரு முழு நாள் போகும், வேலை இல்லாத நாளாகப் பாருங்கள். போலி முகநூல் கணக்கு, திருடப்பட்ட கணக்கு போன்றவற்றுக்கு இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் அமைப்பை 101இல் அழைக்கலாம்.

வங்கி உங்கள் முறைப்பாட்டைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றால், முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுத்து பதிலுக்குக் காத்திருங்கள். பிறகும் சரிவரவில்லை என்றால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், எண் 1935. வாய்ப்பேச்சாகச் சொன்ன முறைப்பாட்டை அங்கே எடுத்துக்கொண்டு போக முடியாது, ஆகவே முத்திரை பதித்த பிரதி முக்கியம்.

எனக்கு இதற்கெல்லாம் பொலிஸுக்கு மூன்று தடவை, வங்கிக்கு இரண்டு தடவை, கொழும்புக்கு ஒரு தடவை. கணக்கு வைத்திருந்தவரைக் கண்டுபிடித்தார்கள், அவரும் தன் கணக்கை யாருக்கோ கமிஷனுக்குக் கொடுத்தவர். என் காசு இதுவரை வரவில்லை. ஆனால் முறைப்பாடு இருந்ததால் அந்தக் கணக்கு முடங்கியது, வேறு ஒருவருடைய 60,000 ரூபா அதிலேயே நின்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

8. இரண்டாம் தடவை வருவார்கள்

முறைப்பாடு போட்டு ஒரு மாதத்துக்குள் எனக்கு இன்னொரு அழைப்பு வந்தது. இணையக் குற்றத்தில் போன பணத்தை மீட்டுத் தரும் அலுவலகம் என்றார். என் பெயர், நான் இழந்த தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொன்னார். கோப்புக் கட்டணம் 15,000 ரூபா முன்கூட்டிக் கட்டினால் இரண்டு வாரத்தில் 180,000 வந்துவிடும் என்றார். அந்தத் தொகை அவருக்கு எப்படித் தெரிந்தது? வங்கியையும் பொலிஸையும் தவிர, முதலில் ஏமாற்றியவருக்குத்தான் அது தெரியும். பொலிஸோ மத்திய வங்கியோ காசை மீட்டுத் தர முன்பணம் கேட்பதில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் காலை என் முறைப்பாட்டின் பக்க எண்ணோடு பொலிஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.